நாட்டுக்கோழித் தீவனம்: மூட்டையா, சொந்த அரவையா, புழுவா, அசோலாவா?

தீவன மூட்டை விலை ஏறும்போதெல்லாம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி நாலு விதமாக வரும். "அசோலா போட்டா தீவனச் செலவு பாதியாகுமாமே?" "பி.எஸ்.எஃப். புழு வளர்த்தா மூட்டையே வாங்க வேண்டாமாமே?" "மக்காச்சோளம் நம்ம காட்டுலயே விளையுது, நாமே அரைச்சுக்கலாமா?" "பேசாம கம்பெனித் தீவனத்தையே போட்டுட்டுப் போயிடலாமா?"

அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி; பி.எஸ்.எஃப். என்பது கழிவைத் தின்று வளரும் ஓர் ஈயின் புழு. இந்த நாலுக்கும் யூடியூபில் வெற்றிக் கதை உண்டு. எத்தனை கோழி, எந்த மாசம், யாருடைய உழைப்பு என்ற மூன்றும்தான் அந்தக் கதைகளில் இருக்காது. அதனால் இங்கே ஒரே அளவை வைத்துக்கொள்வோம்: 200 வளர்ந்த கோழிகள். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 80 கிராம் தின்றால் மொத்தம் 16 கிலோ. அதில் 16 சதவீதம் புரதம் வேண்டுமென்றால் தினம் இரண்டரைக் கிலோ புரதம். நாலு வழிகளும் இந்த இரண்டரைக் கிலோவில் எவ்வளவைத் தருகின்றன, என்ன விலைக்குத் தருகின்றன என்று பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இது தமிழ்நாட்டில் 20 முதல் 1,000 வரை சிறுவிடை, பெருவிடை, வனராஜா, நந்தனம் போன்ற கோழி வகைகளை வளர்ப்பவர்களுக்கான கணக்கு. பிராய்லர் ஒப்பந்தப் பண்ணை என்றால் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியே இறக்கிவிடும்; அங்கே தேர்வு உங்கள் கையில் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

கிலோ விலையைப் பார்த்து முடிவெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தண்ணீரைக் கழித்துவிட்டு, ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு விழுகிறது என்று பார்க்க வேண்டும். சோயா புண்ணாக்கில் சுமார் 45 சதவீதம் புரதம். கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ புரதம் 100 ரூபாய். பச்சை அசோலாவில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள 6 சதவீதத்தில் 22 சதவீதம்தான் புரதம். அதாவது ஒரு கிலோ அசோலாவில் 13 கிராம். தார்ப்பாய், சாணம், உழைப்பு எல்லாம் சேர்த்து அசோலா கிலோவுக்கு இரண்டே ரூபாய் ஆகிறது என்று மிகக் குறைத்துப் போட்டாலும் ஒரு கிலோ புரதம் 150 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் எல்லாம் கணக்கு காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டு வகுத்துப் பாருங்கள்.

அடுத்தது, அந்தப் புரதத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. கோழியால் தன் உடம்பில் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களில் லைசினும் மெத்தியோனினும்தான் நம் ஊர்த் தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆகின்றன. மக்காச்சோளத்தில் லைசின் குறைவு. சோயாவில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கு இதற்கு நேர்மாறு. ஒன்று குறைந்தால் மற்றதெல்லாம் இருந்தும் உடம்பில் சேராது, எச்சத்தில் போய்விடும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதென்றால், தரை ஈரமாக இருப்பதோடு வீணான புரதத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூஞ்சை நஞ்சும் கலப்படமும் எந்த வழியில் உள்ளே வரும்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த வழி நிற்குமா? தினம் யார், எத்தனை மணி நேரம் வேலை பார்ப்பது? விற்பனை எடைக்கு வர எத்தனை நாள் கூடும்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பணம் அதிகம் போவதும் அதில்தான்.

சுற்றுச்சூழல் என்றொரு அளவுகோலும் உண்டு. ஆனால் அதை ஐரோப்பாவிலிருந்து அப்படியே இறக்க வேண்டாம். அங்கே சோயாவைக் குறைக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம், தென் அமெரிக்கக் காடுகளை அழித்து விளையும் இறக்குமதிச் சோயா. நமக்கு வருவது பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிர மானாவாரி நிலங்களின் சோயா. அதன் குறை வேறு மாதிரியானது: தூரம், லாரி வாடகை, ஒரே பயிரைச் சார்ந்திருக்கும் விலை ஆட்டம். புழுவும் அசோலாவும் இங்கே தேவைப்படுகின்றன என்றால் அது வீணாகும் கழிவை உணவாக்குவதற்காக. அமேசான் காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நாமக்கல்லில் சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

## கம்பெனித் தீவனம்

நல்ல கம்பெனியின் மூட்டையில் நீங்கள் காசு கொடுப்பது சோளத்துக்கும் சோயாவுக்கும் மட்டும் இல்லை. குறையும் லைசினையும் மெத்தியோனினையும் தனியாகச் சேர்த்திருப்பார்கள். வைட்டமின், தாது உப்பு, நஞ்சைப் பிடித்து வெளியேற்றும் பொருள், குஞ்சுத் தீவனமாக இருந்தால் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து ஆகியவையும் இருக்கும். முதல் 8 வாரத்துக் குஞ்சுக்கு இந்தச் சின்னச் சாமான்கள்தான் உயிர். அந்த வயதில் மிச்சம் பிடிக்க நினைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மறைவான செலவு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, தவறான மூட்டை. முட்டைக்கோழித் தீவனம் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வளரும் குஞ்சுக்குப் போடுகிறார்கள். அதில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நாலு சதவீதம் வரை வைத்திருப்பார்கள். குஞ்சுக்குத் தேவை ஒரு சதவீத அளவுதான். மிச்சத்தை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெடும். செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் உறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம் தெரியும். பிராய்லர் தீவனத்தைக் கடைசிவரை போடுவது எதிர்ப்பக்கத் தவறு. அத்தனை புரதத்தைச் சதையாக மாற்றும் வேகம் சிறுவிடைக்குக் கிடையாது.

இரண்டாவது, விலை உங்கள் கையில் இல்லாதது. 2021இல் சோயா புண்ணாக்கு விலை கட்டுக்கடங்காமல் ஏறியபோது, ஒன்றிய அரசு ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. பிறகு பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை எடுக்கும் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. 2023 கடைசியில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததும் அந்த வேகம் கூடியது. கார் ஓடுவதற்கும் கோழி தின்பதற்கும் ஒரே சோளம் என்றால் விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது கடன். டீலரிடம் கடனுக்கு மூட்டை எடுப்பவர் ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறையாவது மாத வட்டியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தீவனம் விலை அதிகம் என்று புலம்புபவர்களில் சிலருக்கு உண்மையில் வட்டிதான் அதிகம்.

'இயற்கை முறை நாட்டுக்கோழி' என்று சொல்லி விற்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகள் இருக்கின்றனவா என்று மூட்டையின் சீட்டைப் படித்து, டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

## சொந்த அரவை

நாலு வழிகளில் நிஜமாகக் காசு மிச்சமாகும் வாய்ப்பும் இதில்தான் இருக்கிறது, மொத்தமாகக் கையைச் சுடும் வாய்ப்பும் இதில்தான் இருக்கிறது.

வளரும் கோழிக்கு ஒரு மாதிரிக் கலவை, 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 50, கம்பு 7, தவிடு 15, சோயா புண்ணாக்கு 20, கருவாட்டுத் தூள் 5, தாது உப்பு வைட்டமின் கலவை 3. சோளத்திலிருந்து நாலரைக் கிலோ, சோயாவிலிருந்து 9, தவிட்டிலிருந்து 2, கருவாட்டிலிருந்து 2 கிலோவுக்குச் சற்று மேல், கம்பிலிருந்து முக்கால் கிலோ என்று புரதம் 18 கிலோவுக்கு மேலே வருகிறது. முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துவிடலாம். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. வேண்டியதை அது கொத்திக்கொள்ளும்.

இந்தக் கலவை கிலோ 32 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரவைக் கூலி, வண்டி வாடகை, சேதாரம் சேர்த்தால் 35. மூட்டை கிலோ 39 என்றால் மிச்சம் 4 ரூபாய். ஒரு கோழி விற்பனை எடைக்கு வருவதற்குள் நாலரைக் கிலோ தின்கிறதென்றால் கோழிக்கு 18 ரூபாய் லாபம். ஆனால் கலவை சரியில்லாமல் இரண்டு வாரம் தாமதமானால்? 14 நாள், நாளைக்கு 75 கிராம்: ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 36 ரூபாய் போயிற்று. மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு. அதனால்தான் சொந்த அரவையில் கிலோ விலையைவிட எடைத் தராசை நம்பச் சொல்கிறேன்.

எங்கே கோளாறு வரும்?

கருவாட்டுத் தூள். இதில்தான் கலப்படம் அதிகம். மணல், உப்பு, யூரியா. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்கினால் மணல் அடியில் நின்றுவிடும். உப்பை நாக்கு சொல்லிவிடும். யூரியாதான் ஏமாற்றும். ஆய்வகத்தில் புரதம் பார்க்கும் வழக்கமான முறை நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது, யூரியாவிலும் நைட்ரஜன் இருப்பதால் எண் அழகாக வந்துவிடும். 2008இல் ஹாங்காங்கில் விற்ற சீன முட்டைகளில் மெலமின் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பின்னாலும் இதே தந்திரம் இருந்தது: தீவனத்தின் புரத எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காகச் சேர்த்த நைட்ரஜன் பொருள் முட்டைவரை போய்விட்டது. எனவே மாதிரி கொடுக்கும்போது யூரியா சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு வசதி உண்டு. கருவாட்டுத் தூளை அளவுக்கு மேல் போட்டால் முட்டையிலும் கறியிலும் வாடை வரும் என்பது தனிக் கதை.

கடலைப் புண்ணாக்கு. ஊருக்கு ஊர் மரச்செக்கு வந்த பிறகு கடலைப் புண்ணாக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. புரதம் 40 சதவீதத்துக்கு மேல். சோயாவை எடுத்துவிட்டு இதையே போட்டால் என்ன என்று தோன்றும். லைசினும் மெத்தியோனினும் இதில் குறைவு. செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். எல்லாவற்றுக்கும் மேல் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அந்த நஞ்சே உலகுக்குத் தெரிய வந்தது. வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் உருவான நஞ்சு முழுமையாகப் போகாது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியவில்லை என்பதாலும் அது இல்லை என்றாகாது. கோழியோடு வாத்தும் வளர்ப்பவர்கள் இன்னும் கவனம். வாத்துக்கு இது கோழியைவிடச் சீக்கிரம் ஏறும்.

மக்காச்சோளத்தின் ஈரம். 12, 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: நன்கு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பங்கு சோளத்தையும் கொஞ்சம் உலர்ந்த தூள் உப்பையும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் அதிகம், வாங்காதீர்கள். ஐப்பசியில் கர்நாடகத்திலிருந்து வரும் புதுச் சோளத்துக்கு இந்தச் சோதனை அவசியம். பெரம்பலூர்ப் பக்கம் தை, மாசியில் அறுத்து வெயிலில் காய்ந்த சோளம் கிடைக்கும்போது வாங்கி இருப்பு வைப்பது நல்லது.

வறுக்காத சோயா பயறு. புண்ணாக்குக்குப் பதிலாக முழுப் பயறை அரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. பச்சைப் பயறில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடுபடுத்தாமல் போட்டால் தின்றதும் செரிக்காது, வளர்ச்சியும் நின்றுவிடும்.

குஞ்சுக்கான மருந்து. மூட்டையிலிருந்து சொந்தக் கலவைக்கு மாறிய சில வாரத்தில் ரத்தக்கழிச்சல் வந்தால், மூட்டையில் இருந்த தடுப்பு மருந்து உங்கள் கலவையில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். தரையை உலர்வாக வைக்க முடியாதவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் குஞ்சுத் தீவனத்தில் கை வைக்க வேண்டாம்.

தாது உப்பைக் கலக்கும்போது முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, பிறகு ஐந்து கிலோவில் கலந்து, அதற்குப் பிறகுதான் மொத்தக் குவியலில் சேர்க்க வேண்டும். நேரடியாகக் கொட்டினால் ஒரு கோழிக்கு எல்லாம் கிடைக்கும், ஒன்பது கோழிக்கு ஒன்றும் கிடைக்காது. மாவாக அரைக்காமல் நொறுநொறுவென்று அரைக்கச் சொல்லுங்கள்.

மலிவாகக் கிடைக்கும் இன்னொரு சரக்கு எத்தனால் ஆலைகளின் மிச்சமான டி.டி.ஜி.எஸ். அரிசியிலிருந்து வருவதில் புரதம் 45 சதவீதம் வரை இருக்கும். மாவுச்சத்து போன பிறகு மிஞ்சும் சக்கை என்பதால் தானியத்தில் இருந்த நஞ்சும் ஏறத்தாழ மூன்று மடங்காக அடர்ந்துவிடும் என்பதை டீலர் சொல்ல மாட்டார். ஆய்வகச் சீட்டு இல்லாத டி.டி.ஜி.எஸ். வேண்டாம்.

## பி.எஸ்.எஃப். புழு

கருப்புப் படை ஈயின் புழு. முட்டை பொரிக்க நாலு நாள், அறுவடைக்குப் பதமாக வர இரண்டு முதல் மூன்று வாரம். வளர்ந்த ஈ கடிக்காது, வீட்டுக்குள் மொய்க்காது, சாப்பாட்டுக்கு அலையாது. சில நாள் வாழ்ந்து முட்டையிட்டுச் சாகும். காய்ந்த புழுவில் 40 முதல் 45 சதவீதம் புரதம், கிட்டத்தட்ட 30 சதவீதம் கொழுப்பு, சுண்ணாம்புச் சத்தும் நிறைய. கோழிக்கு இதை ஊட்டப் பழக்க வேண்டியதில்லை. தட்டில் விழுந்த மறு நிமிடம் காலி.

இது வெறும் விளம்பரப் பேச்சில்லை. நைரோபியில் உள்ள இசிபே பூச்சியியல் ஆய்வு மையம் கிழக்கு ஆப்பிரிக்கச் சிறு பண்ணைகளுக்காகப் பல ஆண்டுகளாக இந்தப் புழுவைத் தீவனமாக்கும் ஆய்வில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரிலிருந்து கோழி, பன்றித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. சோயாவின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புழுவைப் போட்ட பரிசோதனைகளில் முட்டையும் வளர்ச்சியும் பெரும்பாலும் குறையவில்லை. பங்கு கூடக்கூட முடிவுகள் இப்படியும் அப்படியுமாகச் சிதறுகின்றன.

இனி நம் 200 கோழிக் கணக்கு. தினசரிப் புரதத்தில் கால் பங்கை, அதாவது சுமார் 640 கிராமைப் புழுவிலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உயிர்ப்புழுவில் 65 சதவீதம் தண்ணீர், ஆகவே ஒரு கிலோவில் 147 கிராம் புரதம். தினம் 4.4 கிலோ புழு வேண்டும். 100 கிலோ ஈரக் கழிவிலிருந்து 15 முதல் 20 கிலோ புழு கிடைத்தால் நல்ல விளைச்சல். அப்படியானால் தினம் 22 முதல் 29 கிலோ கழிவு. ஒரு வீட்டின் அடுப்படியில் இது கிடைக்காது. ஹோட்டலோ, விடுதி மெஸ்ஸோ, உழவர் சந்தையோ வேண்டும். தினம் வண்டி ஓட வேண்டும். பொங்கலுக்கு நாலு நாள் மெஸ் மூடினாலும் புழுவுக்குப் பசிக்கும்.

இங்கே மறைந்திருப்பது பெரும்பாலும் உழைப்புச் செலவுதான். கழிவைப் பிளாஸ்டிக் இல்லாமல் பொறுக்குவது, அரைப்பது, தண்ணீர் வடிப்பது, புழுவைச் சலிப்பது, ஒரு பங்கைக் கூட்டுப்புழுவாக விட்டு வலைக்கூண்டில் ஈயாக்கி முட்டை வாங்குவது. ஒருவருடைய அரை நாள் இதிலேயே போய்விடும். முட்டைக்கோஸ் இலையை மட்டும் போட்டால் தண்ணீர்தான் தேங்கும். சோற்றுக் கழிவும் தவிடும் கலந்தால்தான் புழு தடிக்கும். தண்ணீர் தேங்கினால் நாற்றம், நாற்றம் வந்தால் பக்கத்து வீட்டுச் சண்டை, அதோடு சாதாரண ஈயும் வந்து சேரும்.

மழைக்காலம் இதன் பலவீனம். இந்த ஈ வெயில் வெளிச்சத்தில்தான் நன்றாகக் கூடும். கார்த்திகையில் ஒரு வாரம் மூட்டமாக இருந்தால் முட்டை விழுவது குறையும்; அதன் அடி மூன்று வாரம் கழித்துப் புழுத் தட்டில் தெரியும். அப்போது வெளியிலிருந்து முட்டை வாங்கவோ, சோயாவைக் கூட்டவோ கையில் காசு வைத்திருக்க வேண்டும்.

எதைத் தின்னக் கொடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். செத்த கோழி, கறிக்கடைக் கழிவு, கோழி எச்சம் ஆகியவற்றில் வளர்ந்த புழுவை அப்படியே திரும்பக் கோழிக்குப் போடுவது நோயைச் சுற்றில் விடுவதாகும். ஐரோப்பாவில் தீவனப் புழுவுக்கு எருவும் சமையலறைக் கழிவும்கூடத் தடை. நம்மால் அவ்வளவு தூரம் போக முடியாது. அறுவடை செய்த புழுவைக் கொதிநீரில் முக்கி எடுத்தாவது போடலாம். சாயப்பட்டறை, தோல் ஆலைப் பக்கத்துக் கழிவு கூடவே கூடாது: காட்மியம் போன்ற உலோகங்களைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும்.

புழு எரு தோட்டத்துக்கு அருமையானது. காய்கறித் தோட்டமும் கோழியும் சேர்த்து வைத்திருப்பவருக்கு இந்த வழி கட்டுபடியாவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

## அசோலா

கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் அசோலாவைக் கால்நடைத் தீவனமாகப் பரப்பியதிலிருந்து தமிழ்நாட்டில் இதைத் தெரியாத கால்நடை வளர்ப்பாளர் குறைவு. இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் யூரியா போடாமலே புரதம் சேர்கிறது. அதெல்லாம் உண்மை.

ஆனால் அதே 640 கிராம் புரதத்துக்கு 48 கிலோ பச்சை அசோலா வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாளைக்கு 200 கிராம் எடுக்கலாம் என்றால் 240 சதுர மீட்டர் தொட்டி, அதாவது ஏறத்தாழ 6 சென்ட் இடம் முழுக்கத் தண்ணீர். அப்படியே விளைந்தாலும் ஒரு கோழிக்கு 240 கிராம் ஈர இலை. அதன் இரைப்பை கொள்ளாது. நார்ச்சத்தும் சாம்பல் சத்தும் அதிகம் என்பதால் கொண்டாலும் பயனில்லை. மாடு தின்னும் அளவை மனதில் வைத்துக் கோழிக்குச் சொல்லப்பட்ட கதைதான் 'செலவு பாதியாகும்' என்பது.

அப்படியென்றால் எதற்கு வளர்ப்பது? கீரைக்கு. மேய்ச்சல் இல்லாமல் அடைத்து வளர்க்கும் கோழிக்குப் பச்சை கிடைக்கும், மஞ்சள் கரு நல்ல நிறத்துக்கு வரும், நாட்டுக்கோழி முட்டையை விலை வைத்து விற்பவருக்கு அந்த நிறம் காசு. கோழிக்கு 15, 20 கிராம் போதும். 200 கோழிக்கு 4 கிலோ. 20 சதுர மீட்டரில் கிடைத்துவிடும். சித்திரை வெயிலில் நிழல்வலை வேண்டும். மழையில் தொட்டி வழிந்தால் அசோலா வாய்க்காலோடு போய்விடும், ஆகவே வாளியில் விதைக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். சாணத் தண்ணீர் ஒட்டியிருப்பதால் கழுவித்தான் போட வேண்டும். முருங்கைக் கீரை வேலியில் தாராளமாக இருப்பவர்களுக்கு இந்தத் தொட்டி வேலையே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கம்பெனித் தீவனம் | சொந்த அரவை | பி.எஸ்.எஃப். | அசோலா |
|---|---|---|---|---|
| 200 கோழியின் புரதத்தில் பங்கு | முழுவதும் | முழுவதும் | கால் பங்குவரை | பெயரளவுக்கு |
| லைசின், மெத்தியோனின் | சரிக்கட்டியது | கலப்பவரைப் பொறுத்தது | நன்று | சுமார் |
| பெரிய ஆபத்து | விலை, கடன் | பூஞ்சை நஞ்சு, கலப்படம் | கழிவு வழியாக நோய், உலோகம் | சுத்தக் குறைவு |
| அடைமழையில் | மூட்டை நனையாமல் இருந்தால் போதும் | தானிய ஈரம் கூடும் | முட்டை குறையும் | வழிந்து போகும் |
| வேலை | இல்லை | பத்து நாளைக்கு ஒரு நாள் | தினம் அரை நாள் | தினம் கொஞ்ச நேரம் |
| கட்டாயம் வேண்டியது | ரொக்கம் | உலர்ந்த கிடங்கு, தராசு | நிலையான கழிவு வரத்து | நிழல், தண்ணீர் |

மழை வரிசையில் ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். உங்கள் ஊர் வெள்ளம் தேங்கும் இடமா என்பதை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் பார்க்கலாம். பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளின் பட்டியல் அதில் இருக்கும், மாவட்ட இணையதளங்களிலும் கிடைக்கும். டெல்டா, கடலூர்ப் பக்கத்தவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் ஊரைப் பார்த்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் அரைத்த தீவனத்தைப் பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காமல் இருப்பது நல்லது. முழுத் தானியம் தாங்கும், அரைத்த மாவு தாங்காது. மூட்டை எதுவானாலும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை மேல், சுவரைத் தொடாமல் இருக்கட்டும். நனைந்த மூட்டையைக் காயவைத்துப் போடுவதைவிட எருக்குழியில் கொட்டுவது லாபம்.

## யாருக்கு எது

50 கோழிக்குள், மேய விடும் இடம் உண்டு என்றால்: நொய், கம்பு, தவிடு, சாயங்காலம் ஒரு பிடி புண்ணாக்கு. கீரை. குஞ்சுக்குக் கரையான்: பழைய பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் ஓலைத் துண்டும் போட்டு, தண்ணீர் தெளித்து, புற்று உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். நம் பாட்டிமார் பி.எஸ்.எஃப். என்ற பெயர் கேட்காமலே செய்த பூச்சிப் புரதம் அது. இந்த அளவுக்கு அரவை இயந்திரமோ வலைக்கூண்டோ வாங்குவது பொழுதுபோக்குக்குத்தான்.

100 முதல் 500 வரை: எட்டு வாரம்வரை கம்பெனிக் குஞ்சுத் தீவனம், பிறகு சொந்த அரவை. காட்டில் சோளமோ கம்போ விளைகிறவர்களுக்கும், தராசும் நோட்டும் வைத்து எழுதிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். எழுதும் பழக்கம் இல்லை என்றால் மூட்டையே மலிவு.

ஹோட்டல், மெஸ், சந்தை என்று நிலையான கழிவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, வீட்டில் ஒரு ஆள் உழைப்பும் இருந்தால்: மேலே சொன்ன அரவையில் சோயாவின் ஒரு பங்குக்குப் பதிலாகப் புழு. கோழியைவிடத் தோட்டத்துக்கு எரு முக்கியம் என்பவர்கள் முதலில் இறங்கலாம். புழுவை மட்டும் விற்று வாழலாம் என்று பயிற்சிக் கட்டணம் கேட்பவர்களிடம், அவர்கள் புழு விற்ற ரசீதைக் கேளுங்கள். பயிற்சிக் கட்டண ரசீது கணக்கில் வராது.

500க்கு மேல், வேறு வேலையும் பார்ப்பவர் என்றால்: கம்பெனித் தீவனம், ரொக்கத்துக்கு. நாலைந்து பண்ணையாளர்கள் சேர்ந்து ஒரே லாரியில் இறக்கினால் விலை குறைத்துக் கேட்க வாய் இருக்கும்.

எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாற வேண்டாம். பழைய தீவனத்தில் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் ஏற்றுங்கள். மாறுவதற்கு முன்பே பத்துக் கோழிக்குக் காலில் வளையம் போட்டு எடை எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன், அதே பத்தை நிறுங்கள். இரண்டு வாரம் அடுத்தடுத்து எடை ஏறும் வேகம் குறைந்தால் பழைய தீவனத்துக்குத் திரும்பிவிட்டு, புதுக் கலவையில் ஒரு கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.